கையில் குத்திய பெயரை லேசரில் அழிக்க முடியுமா?

கேள்வி: எனக்கு 22 வயது. 18 வயதில் ஒரு திருவிழாக் கடையில், வலது முன்கையின் உள்பக்கம் ஒரு பெண்ணின் பெயரைக் கறுப்பு மையில் பச்சை குத்திக்கொண்டேன். பக்கத்தில் சிவப்பில் ஒரு இதயமும் உண்டு. அந்தக் காதல் முடிந்து மூன்று வருடமாகிறது. அம்மாவுக்குத் தெரியாமல் இருக்க வீட்டிலும் முழுக்கைச் சட்டைதான். மத்திய ஆயுதக் காவல் படைத் தேர்வுக்கும் படித்து வருகிறேன். ஆன்லைனில் வாங்கிய கிரீமைத் தடவினேன், தோல் உரிந்ததுதான் மிச்சம். லேசரில் ஒரே தடவையில் போய்விடுமா? தழும்பு வருமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தம்பி, முதலில் அந்தக் கிரீமை நிறுத்துங்கள். பச்சை குத்தும் ஊசி, மேல்தோலைத் தாண்டி அடியில் இருக்கும் டெர்மிஸ் என்ற அடுக்கில் மையை இறக்குகிறது. மேலே தடவும் எதுவும் அந்த ஆழத்துக்குப் போக வேண்டுமானால், நடுவில் இருக்கும் தோலை அரித்துக்கொண்டுதான் போக வேண்டும். ஆசிட் வைப்பது, சுண்ணாம்பு பூசுவது, உப்புப் போட்டுத் தேய்ப்பது எல்லாமே அப்படித்தான். மையும் போகாமல் புண் தழும்போடு வரும் பிள்ளைகளைப் பார்த்தால், கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்று மனது அடித்துக்கொள்கிறது.

லேசரில் நிச்சயம் மங்கும், பெரும்பாலும் படிக்கவே முடியாத அளவுக்குப் போகும். ஆனால் ஒரே தடவையில் போகாது. மைத் துகள்கள் உடலுக்கு அந்நியப் பொருள். அவற்றை மேக்ரோபேஜ் என்ற காவல் செல்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. துகள் பெரிது என்பதால் செரிக்கவும் முடியாது, வெளியேற்றவும் முடியாது. அந்தச் செல் இறந்தால், சிதறிய மையைப் புதிதாக வரும் செல் எடுத்துக்கொள்கிறது. 2018-இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் எலிகளில் இதைக் காட்டினார்கள். பச்சை ஆயுள் முழுக்க நிற்பது இதனால்தான். க்யூ-சுவிட்ச்டு லேசர் ஒரு விநாடியின் நூறு கோடியில் சில பங்கு நேரமே பாய்ந்து, தோலைச் சுடாமல் துகளை மட்டும் உடைக்கிறது. பொடியானதை நிணநீர் மெல்ல மெல்ல எடுத்துச் செல்லும். அதாவது, லேசர் உடைத்துத்தான் கொடுக்கும், கூட்டி அள்ளுவது உங்கள் உடம்பு. அதற்கு 6 முதல் 8 வாரம் இடைவெளி வேண்டும். கடையில் குத்திய கறுப்பு மைக்கு 6 முதல் 10 தடவை ஆகலாம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். ஒரு வருடத்துக்குக் குறையாமல் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். புகைபிடிப்பவர்களுக்கு இன்னும் தாமதமாகும்.

அவசரப்பட்டு வாரா வாரம் போனாலோ, சக்தியைக் கூட்டி அடிக்கச் சொன்னாலோ கொப்புளமும் தழும்பும் வரும் வாய்ப்பு கூடும். அதிலும் நம் மாநிறத் தோலில் நிறம் தரும் மெலனின் அதிகம், லேசர் அதையும் மையென்று நினைத்துத் தாக்கக்கூடும். அந்த இடம் கறுத்தோ வெளுத்தோ போகலாம். 1064 நானோமீட்டர் அலைநீளத்தில் பாயும் என்டி-யாக் என்ற வகை லேசர் மெலனினை அதிகம் தொடாது என்பதால், உங்கள் கறுப்பு எழுத்துகளுக்கு அதுதான் பாதுகாப்பு. சிவப்பு இதயத்துக்கு 532 நானோமீட்டர் ஒளி தேவைப்படும், அதை மெலனின் நன்றாக இழுத்துக்கொள்ளும். சில சிவப்பு மைகள் லேசர் பட்டதும் கறுத்தும் போகும். அதனால் இதயத்தில் ஓர் ஓரத்தில் மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு மேலே போகச் சொல்லுங்கள். தோளில் பிசிஜி ஊசி போட்ட இடமோ பழைய காயமோ தடித்துப் புடைத்திருந்தால், அதை டாக்டரிடம் மறக்காமல் காட்டுங்கள். அது தழும்பு அளவுக்கு மீறி வளரும் கீலாய்டு சுபாவமாக இருக்கலாம்.

வேலை விஷயம். மத்திய ஆயுதக் காவல் படைகளின் மருத்துவ விதியில், முன்கை உள்பக்கத்தில் பச்சை இருக்கலாம், ஆனால் இடது கையில் மட்டும். வலது கை சல்யூட் அடிக்கும் கை. ஆகவே உங்களுடையது தடையாகலாம். அடுத்த அறிவிப்பைப் படித்துப் பார்த்து, மருத்துவப் பரிசோதனைக்கு ஒரு வருடம் முன்பே தொடங்குங்கள்.

பியூட்டி பார்லரில் முடி நீக்கும் ஐபிஎல் கருவியால் எடுத்துத் தருகிறோம் என்பார்கள், கை நீட்டிவிடாதீர்கள். அதன் ஒளி நீண்ட நேரம் பாய்ந்து தோலைச் சுட்டுவிடும். தோல் மருத்துவரிடமே போங்கள். மரப்புக் கிரீம் தடவித்தான் செய்வார்கள். அப்படியும் ரப்பர் பேண்டால் அடித்தமாதிரி சுள்ளென்று இருக்கும். அடித்த இடம் உடனே வெளுத்து, சிறிது நேரத்தில் அடங்கிவிடும், பயப்பட வேண்டாம். அப்புறம் வாசலின் தடவி மூடி வையுங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள். ஆறிய பிறகு வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீன் போடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். திருவிழாக் கடையில் ஊசியை மாற்றினார்களா என்று உங்களுக்குத் தெரியாது. ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி மூன்றுக்கும் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. லேசருக்கு நாள் குறிக்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள். அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள் தம்பி. ஒரு வருடம் அவ்வப்போது கட்டோடும் களிம்போடும் இருக்கப்போகிற கையை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்து வைப்பது லேசில்லை.