ஆலையை மூடுகிறார்கள், ராஜினாமா எழுதித் தரச் சொல்கிறார்கள்

கேள்வி: நான் ஆரம்பாக்கம் பக்கத்துக் கிராமம். தடாவைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஒரு சோலார் பேனல் ஆலையில் 7 வருடம் 8 மாதமாக வேலை பார்க்கிறேன். முதலில் லேமினேஷனில் இருந்தேன், இப்போது லைன் லீடர் என்று பெயர். சம்பளம் 20,000, அதில் பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து 15,600. ஆன்-ரோலில் 180 பேர் இருக்கிறோம், காண்ட்ராக்டில் 200 பேருக்கு மேல். சீனா பேனல் விலையோடு போட்டி போட முடியவில்லை, குடோனில் சரக்கு தேங்கிவிட்டது, அதனால் லைனை வெளிநாட்டுக்கு மாற்றுகிறோம் என்கிறார்கள். ஒவ்வொருவராக எச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டு, அச்சடித்த ராஜினாமா கடிதத்தை நீட்டுகிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டால் கிராஜுவிட்டி உட்பட எல்லாம் சேர்த்து 90,000 ரூபாயும் ரிலீவிங் லெட்டரும் தருவார்களாம். "நீ ஸ்டாஃப், லேபர் சட்டம் உனக்கு வராது" என்கிறார் எச்.ஆர். என் தோழி பயந்துபோய்க் கையெழுத்துப் போட்டுவிட்டாள். நாங்கள் தமிழ்நாட்டுக்காரர்கள். எங்கே போய்க் கேட்பது, வக்கீல் சார்?

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள், அம்மா. மற்றதெல்லாம் அப்புறம். வெள்ளிக்கிழமை என்பது அவர்கள் வைத்த கெடு. சட்டத்தில் அப்படி ஒரு நாள் கிடையாது.

அந்த 90,000 ரூபாயைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை என்பது, கடைசியாக வாங்கிய பேசிக்கையும் டி.ஏ.வையும் 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதைச் சர்வீஸ் வருடத்தால் பெருக்குவது. 15,600-ஐ 26-ஆல் வகுத்தால் 600. பதினைந்து நாளுக்கு 9,000. ஆறு மாதத்துக்கு மேல் போன பகுதி முழு வருடமாகக் கணக்காகும், ஆகவே உங்களுக்கு 8 வருடம். மொத்தம் 72,000. ஐந்து வருடம் தாண்டியவருக்கு இது ராஜினாமா செய்தாலும் கிடைக்கும், ஆலையை மூடினாலும் கிடைக்கும். ஏற்கெனவே உங்களுடைய பணம் அது. அதைக் கழித்தால் அவர்கள் புதிதாகத் தருவது 18,000 ரூபாய்தான்.

அந்தக் கையெழுத்தால் நீங்கள் எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். ஆலையையோ அதில் ஒரு பகுதியையோ நிரந்தரமாக மூடினால், ஒரு வருடமாவது தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம் தர வேண்டும். கூடவே, சர்வீஸில் ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. கிராஜுவிட்டி மாதிரி இதை 26-ஆல் வகுக்க வேண்டியதில்லை, பாதி மாதச் சம்பளம் என்றே கொள்ளலாம். உங்கள் கணக்கில் 7,800 வீதம் 8 வருடத்துக்கு 62,400. நோட்டீஸ் சம்பளம் 15,600. இரண்டும் சேர்ந்து 78,000. ராஜினாமா என்று எழுதிக் கொடுத்தால் இந்த இரண்டும் போய்விடும். 18,000 கொடுத்து 78,000 ரூபாயை எழுதி வாங்கப் பார்க்கிறார்கள். அந்தக் கடிதத்தை அவர்களே அச்சடித்து வைத்திருப்பது இதற்காகத்தான்.

இத்தனை காலம் 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. மூடுதல் இழப்பீடு இரண்டிலும் ஒன்றுதான். மாறியிருப்பது வேறு ஒரு இடம். முன்பு மத்தியச் சட்டத்தின்படி 100 தொழிலாளியோ அதற்கு மேலோ உள்ள ஆலையை மூட அரசிடம் முன் அனுமதி வேண்டும். இப்போது அந்த எண் 300. ஆன்-ரோலில் 180 பேர்தான் என்று உங்கள் நிர்வாகம் இதைப் பிடித்துக்கொள்ளும். காண்ட்ராக்ட் வெறும் பெயருக்குத்தான், வேலை சொல்வதும் லீவு கொடுப்பதும் கம்பெனிதான் என்று காட்ட முடிந்தால், அந்த 200 பேரையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று வாதாட இடம் இருக்கிறது. ஷிப்ட் ரோஸ்டர், வேன் லிஸ்ட், கேன்டீன் கூப்பன், இன்சார்ஜ் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, எது கையில் இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். கணினியில் இருந்து எடுத்துவிட்டால் அப்புறம் கிடைக்காது.

அனுமதி தேவையில்லை என்றே வைத்துக்கொண்டாலும், 50 பேருக்கு மேல் உள்ள ஆலையை மூட 60 நாள் முன்பே, காரணத்தைச் சொல்லி, மாநில அரசுக்கு நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். அப்படி ஒரு நோட்டீஸ் போயிருக்கிறதா என்று ஆந்திரத் தொழிலாளர் துறையிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இரவில் மெஷின் ஏற்றிக்கொண்டு லாரி போனால் தேதி, நேரம், வண்டி எண்ணைக் குறித்து வையுங்கள்.

இனி அவர்கள் சொல்லும் காரணத்துக்கு வருவோம். சீனா விலை பொய் இல்லை. மூலப்பொருளான பாலிசிலிக்கன் முதல் பேனல் வரை உற்பத்தியின் எல்லாக் கட்டத்திலும் உலக அளவில் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவின் கையில் இருப்பதாகச் சர்வதேச எரிசக்தி முகமை 2022-லேயே சொன்னது. அந்த வருடம் ஏப்ரலில் இந்தியா இறக்குமதிப் பேனலுக்கு 40 சதவீதச் சுங்கவரி போட்டதும் இதனால்தான். பணக்கார நாடுகளிலும் இதே கதைதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எவர்கிரீன் சோலார் என்ற நிறுவனம் அரசிடம் 4 கோடி டாலருக்கு மேல் உதவி வாங்கியிருந்தது. 2011-இல் ஆலையை மூடி, 800 பேரை அனுப்பிவிட்டு, உற்பத்தியைச் சீனாவுக்கு மாற்றியது. ஜெர்மனியின் ஃப்ரைபெர்க்கில் மேயர் பர்கர் 2024-இல் பேனல் உற்பத்தியை நிறுத்தியபோது சுமார் 500 பேர் வேலை இழந்தார்கள். அந்த நிறுவனம் அமெரிக்கா பக்கம் திரும்பியது. அங்கே 2022-இல் வந்த சட்டம் உள்நாட்டில் செய்யும் பேனலுக்கு வாட்டுக்கு 7 சென்ட் வரிச்சலுகை கொடுத்தது.

ஆக, முதலாளிக்கு நெருக்கடி என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த நெருக்கடியைத் தொழிலாளியின் இழப்பீட்டில் கழிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. தவிர்க்கவே முடியாத, தன் கைமீறிய காரணத்தால் மூடினேன் என்று முதலாளி நிரூபித்தால், இழப்பீடு மூன்று மாதச் சராசரிச் சம்பளத்தைத் தாண்ட வேண்டியதில்லை. உங்களுக்கு அது 46,800-இல் நின்றுவிடும். நிர்வாகம் இந்தக் கதவைத்தான் தட்டப் போகிறது. ஆனால் அதே பிரிவின் விளக்கத்தில், பண நெருக்கடி, நஷ்டம், விற்காமல் தேங்கிய சரக்கு ஆகியவை மட்டுமே காரணமாக இருந்தால் அது தவிர்க்க முடியாத காரணம் ஆகாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. குடோனில் தேங்கிய சரக்கு என்று அவர்கள் வாயாலேயே சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொல்லி நோட்டீஸ் போர்டில் ஏதாவது ஒட்டியிருந்தால் உடனே படம் பிடியுங்கள். உங்கள் வழக்குக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

"நீ ஸ்டாஃப்" என்ற பேச்சுக்கும் அர்த்தம் இல்லை. பதவிப் பெயர் முக்கியமில்லை, கையால் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். மேற்பார்வை வேலைதான் பிரதானம் என்றே வைத்துக்கொண்டாலும், மாதச் சம்பளம் 18,000-ஐத் தாண்டினால்தான் இந்தச் சட்டத்தில் இருந்து வெளியே போவீர்கள். புதிய வரையறையில் வீட்டு வாடகைப் படி போன்றவை, மொத்தத்தில் பாதிக்கு உள்ளே இருக்கும்வரை, சம்பளத்தில் சேராது. இந்தக் கணக்கில் உங்கள் சம்பளம் 20,000 அல்ல, 15,600.

எங்கே போவது? வீடு எந்த மாநிலத்தில் என்று பார்க்க வேண்டாம், ஆலை இருக்கும் இடம்தான் கணக்கு. கும்மிடிப்பூண்டியிலோ திருவள்ளூரிலோ மனு கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆலை இருக்கும் திருப்பதி மாவட்டத் தொழிலாளர் துறையில், சமரச அதிகாரியிடம் மனு கொடுங்கள். தனித்தனியாகப் போகாதீர்கள், இருபது பேராவது சேர்ந்து போங்கள். சத்தியவேடு பக்கத்துப் பிள்ளைகள் தமிழும் தெலுங்கும் பேசுவார்கள், அவர்களில் ஒருவர் கூட இருந்தால் பாதி பயம் போய்விடும். பிரச்சினை எழுந்து இரண்டு வருடம் தாண்டினால் சமரச அதிகாரி எடுத்துக்கொள்ள மாட்டார். சமரசம் முறிந்தால், அவருடைய அறிக்கை கைக்கு வந்த 90 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். தீர்ப்பாயம் என்பது நாம் லேபர் கோர்ட் என்று சொல்லிப் பழகியதுதான்.

வேலை நின்றுபோனால் பாக்கிச் சம்பளம் இரண்டு வேலைநாளுக்குள்ளும், கிராஜுவிட்டி 30 நாளுக்குள்ளும் வர வேண்டும். இ.எஸ்.ஐ.யில் இரண்டு வருடத்துக்குக் குறையாமல் சந்தா கட்டியவர்கள் ஆலை மூடலால் வேலை இழந்தால், ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா என்ற திட்டத்தில் 24 மாதம்வரை வேலையில்லாப் படி கேட்கலாம். முதல் வருடம் பாதிச் சம்பளம், இரண்டாம் வருடம் கால் பங்கு. தானாக ராஜினாமா செய்தவருக்கு இது கிடையாது. பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுக்க அவசரப்படாதீர்கள். பென்ஷனுக்கு 10 வருட சர்வீஸ் வேண்டும், அடுத்த கம்பெனியில் இரண்டரை வருடம் சேர்ந்தால் நீங்கள் அதைத் தொட்டுவிடுவீர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 300 பேருக்குக் கீழ் என்று முடிவானால், ஆலை போவதைச் சட்டத்தால் தடுக்க முடியாது. விடியற்காலை ஐந்து மணிக்கு எளாவூரில் வேனுக்காக நிற்கும் பெண்களை வண்டியில் போகும்போது பல வருடமாகப் பார்க்கிறேன். அதனால் இதை எழுதும்போது கை கனக்கிறது. ஆலைக்கு அரசு மானியமோ சலுகை விலையில் நிலமோ கிடைத்திருந்தால், அதன் ஒப்பந்தத்தில் இத்தனை பேருக்கு வேலை என்று நிபந்தனை இருக்கிறதா என்று தொழில் துறையிடமும் கேட்டு வாங்குங்கள். இருந்தால் பேச்சுவார்த்தை மேசையில் அது உங்களுக்குப் பெரிய பலம்.

உங்கள் தோழிக்கு இன்னும் வழி இருக்கிறது, ஆனால் நாள் கடத்தக் கூடாது. "மூடப் போகிறோம் என்று சொல்லி மிரட்டி வாங்கிய கையெழுத்து, நான் விரும்பி ராஜினாமா செய்யவில்லை, திரும்பப் பெறுகிறேன்" என்று நாலு வரி எழுதி, நிர்வாகத்துக்கு ஸ்பீட் போஸ்டிலும் மெயிலிலும் இன்றே அனுப்பச் சொல்லுங்கள். நகலைச் சமரச அதிகாரிக்கும் அனுப்பட்டும். ஒரே வாரத்தில், ஒரே அச்சில், பெயர் மட்டும் மாறிய எழுபது எண்பது ராஜினாமா கடிதங்களைப் பார்த்தால் எந்த நீதிபதியும் அதை விருப்ப ராஜினாமா என்று எளிதில் நம்ப மாட்டார். பணம் கணக்கில் ஏறிவிட்டால் செலவழிக்காமல், "ஆட்சேபணையுடன் பெற்றேன், பாக்கி வர வேண்டும்" என்று அதே கடிதத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.