வாகனம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: என்னிடம் 1998ஆம் ஆண்டின் மாருதி 800 கார் இருக்கிறது. கார்புரேட்டர் வண்டி. சில மாதங்களாகக் காலையில் எடுக்கும்போதெல்லாம் தரையில் உள்ளங்கை அகலத்திற்கு எண்ணெய்க் கறை காணப்படுகிறது. எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து சொட்டுவதால் ரியர் ஆயில் சீல் போய்விட்டது என்றும், கியர் பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும் என்றும் மெக்கானிக் சொல்கிறார். கெட்டியான ஆயில் ஊற்றினாலே நின்றுவிடும் என்கிறார் நண்பர் ஒருவர். எதைச் செய்வது, ஐயா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: கியர் பாக்ஸை இறக்கச் சம்மதிப்பதற்கு முன் சற்றுப் பொறுத்திருங்கள். உங்கள் மெக்கானிக் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால், சொட்டு விழும் இடத்தை மட்டும் வைத்து அவர் அந்த முடிவுக்கு வந்திருந்தால் அது போதிய சான்று ஆகாது. எஞ்சினின் உச்சியில் கசியும் எண்ணெய், பக்கவாட்டில் வழிந்து இறங்கி, வண்டி ஓடும்போது அடிக்கும் காற்றால் தள்ளப்பட்டு, கடைசியில் கியர் பாக்ஸ் கூட்டின் அடியில் வந்து சேர்ந்து சொட்டுவது மிகவும் சாதாரணம். எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் வளையம்தான் ரியர் ஆயில் சீல். அதில் கசியும் எண்ணெயும் அதே இடத்தில்தான் சொட்டும். கீழே நின்று பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஈரம் தொடங்கும் மிக உயரமான இடத்தைக் கண்டுபிடித்தால்தான் உண்மை தெரியும்.

முதலில், விழுவது எஞ்சின் ஆயில்தானா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். இரவில் வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்துவைத்து, காலையில் அதில் விழுந்திருப்பதைத் தொட்டும் முகர்ந்தும் பாருங்கள். ஓடிய எஞ்சின் ஆயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். கியர் ஆயிலில் கந்தகம் கலந்த மருந்துப் பொருட்கள் சேர்க்கப்பட்டிருப்பதால் அதன் காரமான நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். உங்கள் வண்டியில் சொட்டு விழும் இடத்திற்குக் கியர் பாக்ஸ் மிக அருகில் இருப்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

அடுத்து எஞ்சினைக் கழுவ வேண்டும். பல ஆண்டுகளின் எண்ணெயும் புழுதியும் படிந்த எஞ்சினில் எது புதிய கசிவு, எது பழைய கறை என்பதைத் தேர்ந்த கண்ணாலும் பிரித்தறிய இயலாது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டர், காயில், ஆல்டர்னேட்டர் ஆகியவற்றைப் பாலிதீன் உறையால் மூடி, எஞ்சின் கழுவும் திரவத்தைக் கொண்டு பிரஷால் தேய்த்து, குறைந்த வேகத்தில் தண்ணீர் விட்டு அலசச் சொல்லுங்கள். மண்ணெண்ணெயால் துடைப்பதானால், அது முழுவதும் ஆவியாகி உலரும்வரை எஞ்சினை இயக்கக் கூடாது. உலர்ந்த பின் சந்தேகமான இணைப்புகளின்மீது டால்கம் பவுடரை மெல்லத் தூவி, இருபது கிலோமீட்டர் போல ஓட்டிவிட்டு வந்து, டார்ச் விளக்கை அடித்துப் பாருங்கள். பவுடரில் ஈரக்கோடு எந்த இடத்தில் தொடங்குகிறதோ அதுதான் கசியும் இடம். ஒருமுறை ஓட்டியதில் தெரியாவிட்டால் மறுநாளும் ஓட்டிப் பாருங்கள். வண்டிக்கு அடியில் போக வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள், தாங்கு முட்டு வைத்த பிறகே உள்ளே செல்லுங்கள்.

உங்கள் வண்டியில் நான் முதலில் பார்க்கச் சொல்வது டேப்பெட் கவர் பேக்கிங்கை, அதாவது எஞ்சினின் உச்சியில் உள்ள மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் பட்டையை. ஓயாத சூட்டில் அந்த ரப்பர் இறுகி, பிளாஸ்டிக்கைப் போல விறைத்து, அழுத்தத்தைத் தாங்கும் தன்மையை இழந்துவிடுகிறது. கசிவைக் கண்டதும் கவரின் நட்டுகளை இன்னும் இறுக்கும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. அதனால் கவரின் விளிம்பு வளைந்து, அடுத்துப் போடும் புதிய பேக்கிங்கும் சரியாக உட்காராமல் போகும். இந்த நட்டுகளுக்குத் தேவைப்படும் முறுக்கம் 10 நியூட்டன் மீட்டருக்கும் குறைவுதான். கவரைத் தட்டையான கண்ணாடியின்மீது கவிழ்த்து வைத்து விளிம்பைச் சரிபார்த்த பிறகே புதிய பேக்கிங்கைப் போட வேண்டும்.

இரண்டாவது இடம், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர். கார்புரேட்டர் மாருதி 800இல் அது சிலிண்டர் ஹெட்டின் கியர் பாக்ஸ் பக்க முனையில், வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்ட்டின் சுழற்சியைப் பெற்று இயங்குகிறது. அதன் அடியில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இறுகிப்போனால் கசியும் எண்ணெய் நேராகக் கியர் பாக்ஸ் கூட்டின்மீது வழிந்து, ரியர் ஆயில் சீல் போனதைப் போன்ற தோற்றத்தையே உண்டாக்கும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். ஓ-ரிங்கின் விலை மிகச் சொற்பம். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுப்பதற்கு முன் அதன் உடலும் உள்ளிருக்கும் ரோட்டரும் நிற்கும் நிலையைக் குறித்துவைக்காவிட்டால் தீப்பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங் கலைந்துவிடும். அதை அறிந்தவரிடமே இந்த வேலையை ஒப்படையுங்கள்.

ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சையும் மறக்க வேண்டாம். அதன் ஒயரைக் கழற்றிப் பார்த்தால், இணைப்பு முனையின் உள்ளேயே எண்ணெய் ஊறியிருந்தால் ஸ்விட்ச்சின் உட்பகுதி கிழிந்துவிட்டது என்று பொருள். எஞ்சின் ஓடும்போது அழுத்தத்தோடு இருக்கும் எண்ணெய் அது, ஆகையால் சிறு கிழிசல்கூட நிறைய எண்ணெயை வெளியே தள்ளும். டைமிங் பெல்ட் பக்கம் உள்ள கேம் ஆயில் சீலும் முன்பக்க கிராங்க் ஆயில் சீலும் கசிந்தால் எண்ணெய் பெல்ட்டின்மேல் பட்டு அதன் ரப்பரை ஊதச் செய்து கெடுக்கும். அங்கே ஈரம் தெரிந்தால் சீல்களோடு பெல்ட்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான சம்ப்பின் பேக்கிங், எண்ணெயை வடிக்கும் டிரெய்ன் போல்ட்டின் வாஷர் ஆகியவை கண்ணுக்கு எளிதில் தெரிபவை, அவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவுக்கும் முன்பாகச் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு, பலர் அதைச் செய்வதே இல்லை. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு, டேப்பெட் கவரிலிருந்து காற்று வடிகட்டிக்குச் செல்லும் ரப்பர் குழாய் வழியாக வெளியேற வேண்டும். அந்தக் குழாய் கசடால் அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, நல்ல சீல்களின் வழியாகவும் எண்ணெயை வெளியே தள்ளும். அடைப்பை நீக்காமல் சீலை மாற்றினால் புதிய சீலும் விரைவில் கசியும். குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். பிறகு எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். சிறிது ஆவி வருவது இயல்பே. குப்குப்பென்று புகை அடித்தால் ரிங் தேய்ந்திருக்கலாம், அப்போது சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனை செய்து பார்த்த பிறகே மேற்கொண்டு முடிவெடுக்க வேண்டும்.

மேலே எல்லாம் உலர்ந்திருந்து, கியர் பாக்ஸ் கூட்டின் உள்ளிருந்தே எண்ணெய் வருகிறது என்பது உறுதியானால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. அப்போது தயங்க வேண்டாம், ஏனென்றால் அந்த எண்ணெய் கிளட்ச் பிளேட்டை நனைத்தால் கிளட்ச் வழுக்கத் தொடங்கும். கியர் பாக்ஸை இறக்கும் கூலிதான் இந்த வேலையின் பெருஞ்செலவு என்பதால், தேய்ந்த நிலையில் இருந்தால் கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் அப்போதே மாற்றிவிடுவது சிக்கனம். சீலின் உதடு உராயும் இடத்தில் கிராங்க் ஷாஃப்ட்டில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று விரல் நகத்தால் வருடிப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளம் இருந்தால் புதிய சீலைச் சற்றே முன்தள்ளியோ பின்தள்ளியோ பொருத்தி, உதடு வழவழப்பான இடத்தில் படும்படி செய்யலாம்.

நண்பர் சொன்ன கெட்டியான ஆயில் கசிவின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், காரணத்தை அகற்றாது. எண்ணெயில் கலக்கும் கசிவு தடுப்பு மருந்துகள் இறுகிய ரப்பரைச் சற்று இளக்கக்கூடும். கிழிந்த சீலுக்கும் வளைந்த கவருக்கும் அவற்றால் பயனில்லை. பேக்கிங்குக்குப் பதிலாக சிலிக்கான் பசையை அள்ளிப் பூசும் வேலைக்கு மட்டும் ஒருபோதும் இடம்கொடுக்காதீர்கள். உள்பக்கம் பிதுங்கும் பசை உதிர்ந்து சம்பில் விழுந்து, ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைத்தால் எஞ்சினே போய்விடும்.

அதுவரை வாரம் ஒருமுறை, சமதரையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, எண்ணெயின் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின்மீது எண்ணெய் சொட்டிக் கருகும் வாடை வந்தால், அது தீப்பிடிக்கும் ஆபத்து என்பதால், வண்டியை எடுக்காதீர்கள். ஓடும்போது ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: எங்கள் குடும்பத்தின் பழைய பெட்ரோல் அம்பாசடரில் எஞ்சினின் பின்பக்கம் எப்போதும் சொட்டுகிறது. எஞ்சின் வேலை பார்த்தும் நிற்கவில்லை. நல்ல ஆயில் சீலாக வாங்கிப் போட்டால் தீருமா?
— வாசகர், காரைக்குடி

பதில்: உங்களுடையது 1489 சிசி எஞ்சின் என்றால், அதன் பின்பக்கத்தில் நீங்கள் நினைப்பது போன்ற ரப்பர் உதட்டுச் சீலே கிடையாது. அது பிரிட்டனின் பிஎம்சி நிறுவனத்தின் பி வரிசை எஞ்சினின் வழிவந்தது. கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் திருகு மரை போன்ற பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். ஷாஃப்ட் சுழலும்போது அந்த மரை எண்ணெயை உள்நோக்கித் திருப்பி அனுப்பும். எஞ்சின் நின்றதும் அந்த வேலையும் நின்றுவிடுவதால், நிறுத்திவைத்த வண்டியில் சில சொட்டுகள் விழுவது அந்த அமைப்பிலேயே உள்ளது. முகப்பு மேடாக இருக்கும் சரிவில் நிறுத்தினால் கூடுதலாகவே விழும்.

சில சொட்டுகளைத் தாண்டி, குட்டையாகத் தேங்குகிறது என்றால் மூன்றைப் பாருங்கள்: டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டைத் தாண்டி எண்ணெய் ஊற்றப்பட்டிருக்கிறதா, எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா, கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் மெயின் பேரிங்குகள் தேய்ந்திருக்கின்றனவா. பேரிங் தேய்ந்தால் மரைக்கும் அதைச் சூழ்ந்த கூட்டுக்கும் உள்ள மிக நுண்ணிய இடைவெளி ஒழுங்கிழந்து, எண்ணெய் தப்பிவிடும். முந்தைய வேலையில் அந்த இடைவெளியை அளந்தார்களா என்று கேளுங்கள். உங்கள் வண்டியில் பிற்காலத்து இசுசு எஞ்சின் இருந்தால் இந்த விளக்கம் பொருந்தாது. அதில் சீல் உண்டு, அதை மாற்றலாம்.

கேள்வி: ஆயில் மாற்றிய மறுநாளே பில்டர் பக்கத்திலிருந்து எண்ணெய் கொட்டுகிறது. பில்டர் போலியா?
— வாசகி, ஓசூர்

பதில்: போலியாகவும் இருக்கலாம், ஆனால் அதைவிட அடிக்கடி நேர்வது வேறு. பழைய பில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்க, அதன்மேல் புதிய வளையத்தோடு புதிய பில்டரைத் திருகிவிடுவார்கள். இரண்டு வளையங்கள் அழுத்தத்தைத் தாங்காமல் பிதுங்கிவிடும். வண்டியை ஓட்டாமல் பட்டறைக்காரரை வீட்டுக்கே வரச்சொல்லி, பில்டரைக் கழற்றி, பொருந்தும் முகத்தைத் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வளையத்தில் புதிய எண்ணெயைத் தடவி, அது முகத்தைத் தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று திருகினால் போதும், ஸ்பேனர் தேவையில்லை. பிறகு குறைந்த எண்ணெயை ஈடுசெய்து, எஞ்சினை ஓடவிட்டு, பில்டரைச் சுற்றி ஈரம் இல்லை என்பதை அவர் முன்னிலையிலேயே பார்த்துவிடுங்கள்.