மதுரை பக்கத்துல ரொம்ப மூச்சு வாங்காம, இயற்கையும் பழைய சிதைவுகளும் சேர்ந்து பாக்குற மாதிரி வாக்கிங் போக எங்க போகலாம்?

கீழக்குயில்குடி சமணர் மலைக்கு போங்க. அடிவாரத்துல தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில், அங்கயே பாதி மனசு நிறைஞ்சிரும். பாறையில வெட்டுன படியில கொஞ்ச தூரம் ஏறுனா பேச்சிப்பள்ளம், சின்ன சுனை, மேல வரிசையா தீர்த்தங்கரர் (சமண குருமார்) சிற்பம், 9-10ஆம் நூற்றாண்டு, பலதுக்கும் கீழ வட்டெழுத்துல (பழைய தமிழ் எழுத்து) யாரு செய்விச்சதுன்னு இருக்கும், காலை வெயில் சாய்வா விழும்போதுதான் எழுத்து தெளிவா தெரியும். இன்னும் மேல மாதேவிப் பெரும்பள்ளிங்கிற பழைய சமணப் பள்ளியோட அடித்தளம் மட்டும் மிச்சம், ஆனா அங்க நின்னா சுத்தி வயலெல்லாம் தெரியும். இறங்குனதும் செட்டிப்புடவுங்கிற குகையையும் விட்றாதீங்க, அதிகமா ஏற வேணாம், சிங்கத்து மேல உக்காந்து யானை மேல வர்றவனோட சண்டை போடுற இயக்கி (சமண பெண் காவல் தெய்வம்) அங்கதான் இருக்கா. மதியத்துல மட்டும் போகாதீங்க, பாறை சுட்டுரும். தண்ணி எடுத்துக்கங்க.