கொச்சி யூத ஆலயத்தில் யாருக்கு எந்த இடம்?

அன்புள்ள ஐயா,

மட்டாஞ்சேரியில் பரதேசி சினகாக் பார்த்தேன். தரையின் சீன ஓடுகளும் கண்ணாடி விளக்குகளும் கண்ணைப் பறித்தன. ஆனால் பெண்களுக்கு மாடிதான் என்று கேட்டதும் மனம் கசந்துவிட்டது. இவ்வளவு அழகில் இப்படியொரு ஒதுக்கலா?

ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள வாசகிக்கு,

பெண்களுக்குத் தனி இடம் என்பது யூதர்களிடம் பரவலாக இருந்த வழக்கம்தான். கொச்சியின் விசேஷம் வேறு. கூடத்தின் நடுவே பித்தளைக் கம்பி சூழ்ந்த மேடையைப் பார்த்திருப்பீர்கள். யூதர்களின் மறையான தோராவை வாசிக்கும் இடம். அண்ணாந்து பார்த்திருந்தால் மாடியின் முன்விளிம்பில் இன்னொரு மேடை தெரிந்திருக்கும். கேரள யூதர்களின் ஆலயங்களுக்கே உரிய அமைப்பு இது. அதற்குப் பின்னால், மரத் தடுப்புக்கு அப்பால் பெண்கள். ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் மேலேயிருந்து வாசிக்கும்போது வாசிப்பவருக்கு மிக அருகில் இருந்தது அவர்கள்தான். இதைச் சமத்துவம் என்று சொல்ல மாட்டேன். தடுப்பு தடுப்புதான்.

எனக்குக் கசப்பது மாடி அல்ல, கீழே உள்ள முன்கூடம். 1568-ல் இதைக் கட்டியவர்கள் ஸ்பெயின் முதலிய இடங்களிலிருந்து வந்து சேர்ந்தவர்கள்; பரதேசிகள், அதாவது அயல்நாட்டார். அவர்களுக்குப் பல நூற்றாண்டு முன்பே மலபார் யூதர்கள் இங்கே இருந்தார்கள். பரதேசிகளின் வீடுகளில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வம்சத்தார் அன்று வழிபாட்டுக்கு வரலாம். ஆனால் அந்த முன்கூடத்தில்தான் இருக்க வேண்டும்; உள்ளே பெஞ்சில் உட்காரக் கூடாது, தோரா வாசிக்கவும் அழைக்க மாட்டார்கள். அவர்களும் யூதர்கள்தான், அதே மறைதான். அந்த வம்சத்தில் பிறந்த வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967) தன் சொந்த ஆலயத்திலேயே சத்தியாகிரகம் செய்தார். ‘யூத காந்தி’ என்று பெயர் வந்தது அதனால்தான். தடைகள் ஒவ்வொன்றாகத்தான் விலகின.

இன்னொன்று. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவி, யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த செப்பேடுகளைக் காத்து வைத்திருந்தவர்களும் பரதேசிகளே. வட்டெழுத்தில் இருக்கிறது; வாசித்துக் காட்டினால் நமக்கே பாதி புரியும். பகல் விளக்கு, பாவாடை (நடக்க விரிக்கும் துணி), குடை, தோரணம் என்று நீளும் உரிமைப் பட்டியல். பல்லக்கும் உண்டு! அதைப் பெருமையாகப் பூட்டி வைத்தவர்களுக்குத் தம்மவருக்கு ஒரு பெஞ்சு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

1760-ன் மணிக்கூண்டு, பக்கத்திலேயே அரண்மனை எல்லாம் சுற்றுலாப் புத்தகங்களிலேயே இருக்கின்றன. அடுத்த முறை வடக்கன் பறவூருக்கும் போய் வாருங்கள். மலபார் யூதர்களின் ஆலயம், இப்போது அருங்காட்சியகம். தெருவாசலிலிருந்து தூண் வரிசைக்கிடையே நடந்து உள்ளே போகலாம், மாடி மேடையும் உண்டு. சீன ஓடு மட்டும் கிடையாது.