ஸ்ரீதனம் வாங்கிய மகளுக்கு அப்பா சொத்தில் பங்கு கிடையாதா?

கேள்வி: நாங்கள் மார்த்தாண்டம் பக்கம் கிறிஸ்தவக் குடும்பம். 1987-ல் என் கல்யாணத்துக்கு நகையும் பணமும் ஸ்ரீதனமாகக் கொடுத்தார்கள். அப்பா 1998-ல் உயில் எழுதாமல் காலமானார், அம்மா 2019-ல். அப்பாவின் 63 சென்ட் ரப்பர் தோட்டம் இரண்டு அண்ணன்மாரின் அனுபவத்தில் இருக்கிறது, பட்டாவும் அவர்கள் பெயரில்தான். இப்போது வங்கிக் கடனுக்காக என்னை விடுதலைப் பிரமாணத்தில், அதாவது என் பங்கை விட்டுக்கொடுக்கிற பத்திரத்தில், கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். "திருவிதாங்கூர் சட்டப்படி உனக்குப் பங்கு இல்லை, இது வெறும் சடங்கு" என்கிறார்கள். போடலாமா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள் அம்மா. பங்கே இல்லாத ஒருவரிடம் வங்கி எதற்காகக் கையெழுத்துக் கேட்கிறது? வங்கியின் வக்கீல் பத்திரங்களைப் பார்த்திருப்பார். அப்பாவுக்கு ஒரு மகளும் உண்டு, அவர் எழுதிக் கொடுக்காமல் இந்தச் சொத்து முழுதாக மகன்களுடையது ஆகாது என்று அவருக்குத் தெரியும். உங்கள் அண்ணன்மாருக்கும் இந்நேரம் தெரிந்திருக்கும்.

அவர்கள் சொல்கிற சட்டம் ஒரு காலத்தில் இருந்தது உண்மை. கொல்லம் ஆண்டு 1092-ல், அதாவது 1916-ல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் அது. அதன்படி மகளுக்கு, மகனுடைய பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். ஸ்ரீதனம் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. கொடுப்பதாக வாக்குச் சொல்லியிருந்தாலே போதும், மகளின் உரிமை போய்விடும். விதவைக்கும் ஆயுள்காலம் வரை அல்லது மறுமணம் வரை அனுபவிக்கிற உரிமை மட்டும்தான்.

அந்தச் சட்டம் 1951 ஏப்ரல் 1-ம் தேதியோடு முடிந்துபோனது. அன்றிலிருந்து இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925 திருவிதாங்கூர்-கொச்சி முழுவதற்கும் வந்துவிட்டது. கேரளத்துக் கிறிஸ்தவப் பெண்மணி மேரி ராய் தொடுத்த வழக்கில் இதை உச்ச நீதிமன்றம் 1986-ல் தெளிவாகச் சொன்னது. முப்பத்தைந்து வருடம் ஒரு செத்த சட்டத்தைக் காட்டிப் பெண்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதன் பிறகும் இன்றுவரை அனுப்புகிறார்கள் என்பதற்கு உங்கள் கடிதமே சாட்சி.

"அது கேரளத்துக்காரர்களுக்கான தீர்ப்பு, நாம் தமிழ்நாடு" என்று அடுத்ததாகச் சொல்வார்கள். உச்ச நீதிமன்றம் சொல்வது இந்தியா முழுவதற்கும் சட்டம். அதோடு, திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல். பழைய சட்டம் போனதோ 1951-ல். நாம் இந்தப் பக்கம் வருவதற்கு ஐந்து வருடம் முன்பே அது நம்மை விட்டுப் போய்விட்டது.

இனி உங்கள் கணக்கு. உயில் இல்லாமல் இறந்த அப்பாவின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு அம்மாவுக்கு, அது 21 சென்ட். மீதி 42 சென்ட் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக, தலைக்கு 14. அம்மாவும் உயில் எழுதவில்லை என்றால் அவருடைய 21 சென்ட் மூன்றாகி, தலைக்கு 7. ஆக உங்களுக்கு 21 சென்ட். வாங்கிய ஸ்ரீதனத்தை இதில் கழிக்க முடியாது. அப்பா உயிரோடு இருந்தபோது பிள்ளைக்கு முன்கூட்டிக் கொடுத்ததைப் பங்கு பிரிக்கும்போது கணக்கில் சேர்க்கக் கூடாது என்று இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 49-ம் பிரிவு சொல்கிறது.

ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் குழப்பிவிடுவார்கள். "இது தாத்தா காலத்துச் சொத்து, அதனால் பழைய சட்டம்தான்" என்பார்கள். பிரமாணம் எந்த வருடத்தது, மலையாளத்தில் எழுதியதா, தமிழில் எழுதியதா என்பதெல்லாம் பொருட்டே இல்லை. சொத்துக்காரர் என்றைக்கு இறந்தார் என்பது ஒன்றுதான் கேள்வி. உங்கள் தாத்தா 1951 ஏப்ரலுக்கு முன்பு உயில் இல்லாமல் இறந்திருந்தால், அவருடைய மகள்களுக்கு, அதாவது உங்கள் அத்தைமாருக்கு, பழைய சட்டம் பொருந்தும். அதிலும் ஒரு விலக்கு உண்டு. ஆணும் பெண்ணும் சமமாகப் பிரித்துக்கொள்ளும் வழக்கமுள்ள லத்தீன் கத்தோலிக்கர் சிலரையும் சில தாலுகாக்களின் புராட்டஸ்டண்டுகளையும் அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து பழைய சட்டமே விட்டிருந்தது. நம் கடற்கரைக் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். சரி, அத்தைமார் கதை என்னவாக இருந்தாலும் அது உங்களைத் தொடாது. அப்பா கைக்கு வந்தபின் அது அப்பாவின் சொத்து. அவர் இறந்தது 1998. அந்தத் தேதிதான் உங்களுக்குச் சட்டம்.

அப்பா உயிரோடு இருந்தபோதே அண்ணன்மாருக்கு இஷ்டதானமோ செட்டில்மென்டோ (விலை வாங்காமல் சொத்தை எழுதிக் கொடுக்கிற பத்திரங்கள்) எழுதியிருந்தால் நிலைமை வேறு. கிறிஸ்தவர்களுக்குப் பிறப்பால் வரும் பூர்வீகப் பங்கு கிடையாது, அப்பா தன் சொத்தை விரும்பியவருக்கு எழுதலாம். ஆகவே முதல் வேலையாக வில்லங்கச் சான்று பாருங்கள், பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம்.

பட்டாவைக் கண்டு பயப்பட வேண்டாம். பட்டா உரிமைப் பத்திரம் அல்ல என்று நீதிமன்றங்கள் எத்தனையோ முறை சொல்லிவிட்டன. ஆனாலும் இறந்தவருக்கு மகள்கள் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்காமல் மகன்கள் பெயருக்குப் பட்டா மாற்றிக் கொடுக்கிறார்கள். பிறகு அந்த ஒற்றைத் தாளை ரத்து செய்ய ஒரு பெண் வருடக்கணக்கில் தாலுகா ஆபீஸ் படி ஏற வேண்டியிருக்கிறது. கட்டிக்கொடுத்த மகள் பெயரை விட்டுவிட்டு வாரிசுச் சான்றிதழ் எடுத்துத் தருகிற இடைத்தரகர்கள் நம்மூரில் இருக்கிறார்கள். அப்படி ஒரு சான்றிதழ் வாங்கியிருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். விடுபட்ட பெயரைச் சேர்க்கக் கோரலாம். அந்தச் சான்றிதழ் வாரிசுகள் யார் என்று மட்டும்தான் சொல்லும், யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது.

அதைவிட மோசமான ஆட்கள் உண்டு. "கேஸ் போட்டால் இருபது வருடம் ஆகும், உன் பங்கை எனக்கு எழுதிக்கொடு, கையில் காசு தருகிறேன்" என்று மதிப்பில் கால்வாசிக்கு வாங்குகிறவர்கள். பவர் எழுதித் தரச் சொல்கிறவர்கள். எழுதாத முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கி வைக்கிறவர்கள். என்னிடம் வந்த ஓர் அம்மா, சாட்சிக் கையெழுத்து என்று நம்பிப் பதிவு அலுவலகத்தில் போட்டது விடுதலைப் பிரமாணம். வீட்டுக்கு வந்தபின்தான் தெரிந்தது. அதை மாற்ற அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆகவே யாரும் வாசித்துக் காட்டாத தாளில் கை வைக்காதீர்கள்.

அண்ணன்மார் இத்தனை வருடம் அனுபவித்ததாலேயே உங்கள் பங்கு போய்விடாது, கூட்டு உரிமையாளரின் அனுபவம் மற்றவருக்கும் சேர்த்துத்தான். ஆனால் "உனக்கு உரிமை இல்லை" என்று வெளிப்படையாக மறுத்து 12 வருடம் தாண்டிவிட்டால் சிக்கல். அவர்கள் மறுத்துவிட்டார்கள், ஆகவே தள்ளிப் போடாதீர்கள். விடுதலை கேட்டு வாட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்பியிருந்தால் அழிக்க வேண்டாம். உங்கள் பங்கை அவர்கள் ஒத்துக்கொண்டதற்கு அது ஆதாரமாக உதவும்.

பாகப்பிரிவினை வழக்கு என்றால் உங்கள் இடத்துக்குக் குழித்துறை நீதிமன்றம். பணம் இல்லையே என்று தரகரிடம் போக வேண்டாம். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. நாகர்கோவிலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, வட்ட அளவிலும் குழுக்கள் உண்டு. வழக்குக்கு முன்பே அண்ணன்மாரை அழைத்துப் பேசச் செய்யவும் அங்கே வழி இருக்கிறது.

அண்ணன்மாருக்கே விட்டுக்கொடுக்க உங்களுக்கு மனம் இருந்தால் தாராளமாகக் கொடுங்கள், அது உங்கள் இஷ்டம். ஆனால் அவர்கள் எழுதி வைத்திருக்கும் விடுதலைப் பிரமாணத்தின் நகலை முதலில் வாங்குங்கள். "ஏற்கெனவே ஸ்ரீதனம் பெற்றுக்கொண்டதால்" என்ற வரி அதில் இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் 21 சென்டுக்கு எவ்வளவு பணம், எந்தத் தேதியில் உங்கள் கணக்கில் வந்தது என்று எழுதியிருக்க வேண்டும். பணம் ஏறியபின் பதிவு அலுவலகத்துக்குப் போகலாம்.