மகள் இயக்குநராக வேண்டும் என்கிறார்: தைவான் இயக்குநர்களிடம் கேட்க வேண்டிய கணக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

மின்பொறியியல் இறுதியாண்டு படிக்கும் உங்கள் மகள், படிப்பை இத்துடன் நிறுத்திக்கொண்டு தைவானுக்குச் சென்று திரைப்பட இயக்கம் பயிலப்போவதாகச் சொல்வதையும், அதற்குத் தைவான் இயக்குநர் எட்வர்ட் யாங்கை உதாரணம் காட்டுவதையும் உங்கள் கடிதத்தில் படித்தேன். “இது நிலையான தொழில்தானா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஆயினும் மகள் காட்டிய அதே உதாரணத்தை நிதானமாகப் பார்த்தால், உங்கள் வீட்டில் நடக்கும் வாக்குவாதத்தில் பாதி தேவையற்றது என்பது விளங்கும்.

1947-இல் ஷாங்காயில் பிறந்து, சிறு வயதிலேயே குடும்பத்துடன் தைபெய்க்கு வந்துவிட்ட யாங், தைவானில் பொறியியல் பட்டம் பெற்று, அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலில் முதுகலையும் முடித்தவர். அதன்பின் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கல்விக்குச் சேர்ந்து, சிறிது காலத்திலேயே விலகிவிட்டார். ஆக, அவர் பாதியில் விட்டது பொறியியலை அன்று, திரைப்படப் படிப்பைத்தான். (இதை மகளிடம் குத்திக்காட்டும் தொனியில் சொல்லிவிடாதீர்கள், அவராகவே படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.) பிறகு சியாட்டில் நகரில் கணினித் துறையில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். 1981-இல் தைவான் திரும்பியவருக்கு இயக்குநராக முதலில் கிடைத்தது சினிமா வாய்ப்பு அன்று, தொலைக்காட்சி வாய்ப்பு. நடிகை சில்வியா சாங் தயாரித்த ‘பதினொரு பெண்கள்’ என்னும் தொடரில் ஒரு கதையை இயக்கினார். அடுத்த ஆண்டு, நான்கு புதியவர்கள் ஆளுக்கொரு குறும்படம் எடுத்துச் சேர்த்த தொகுப்புப் படத்தில் ஒரு பகுதி அவருக்குக் கிடைத்தது. முழுநீளப் படம் 1983-இல்தான் வந்தது.

அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. இந்த வயதைச் சற்றுக் கவனியுங்கள். ஹூ சியாவ்-சியென் முதல் படம் இயக்கியது முப்பத்து மூன்றில். சாய் மிங்-லியாங் முப்பதுகளின் நடுவில். ஆங் லீ முப்பத்தேழில். உலகமே கொண்டாடும் நான்கு தைவான் இயக்குநர்களில் ஒருவர்கூட முப்பது வயதுக்குள் முழுநீளத் திரைப்படம் எடுக்கவில்லை. உங்கள் மகளுக்கு இப்போது இருபத்தொன்று. எனவே “இவள் வெற்றி பெறுவாளா?” என்று என்னைக் கேட்பதில் பயனில்லை; அதற்கு எவராலும் பதில் சொல்ல முடியாது. இருபத்தொன்றுக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் என்ன வேலை செய்வார், வீட்டு வாடகையை யார் கொடுப்பார் என்று கேளுங்கள். அதற்கு அந்த நால்வரின் வாழ்க்கையிலும் தெளிவான பதில்கள் இருக்கின்றன.

யாங்குக்குப் பொறியாளர் சம்பளம் இருந்தது. ஹூவின் வழி வேறு. 1972-இல் தைவான் கலைக் கல்லூரியில் படிப்பை முடித்த அவர், சில காலம் மின்னணுக் கணிப்பான் விற்கும் விற்பனையாளராக இருந்தார். அடுத்த ஆண்டு லீ சிங் என்னும் மூத்த இயக்குநரின் படப்பிடிப்பில் கன்டினியூட்டி எழுதும் பணி கிடைத்தது. இந்த வேலையை நம்மில் பலர் எடுபிடி வேலை என்று நினைக்கிறோம். நடிகை தேநீர்க் கோப்பையை எந்தக் கையில் பிடித்திருந்தார், கோப்பையில் தேநீர் எவ்வளவு இருந்தது, எந்தச் சொல்லைச் சொல்லும்போது தலையைத் திருப்பினார் என்பதையெல்லாம் ஒவ்வொரு ஷாட்டுக்கும் குறித்துவைக்க வேண்டும். காலையில் எடுத்த காட்சியின் மறுபாதியை மூன்று நாள் கழித்து எடுக்கும்போது, படப்பிடிப்புத் தளமே இவருடைய நோட்டுப் புத்தகத்தைத்தான் பார்க்கும். ஒரு காட்சி எப்படித் துண்டு துண்டாகப் பிரிந்து மீண்டும் எப்படி ஒன்றுசேர்கிறது என்பதை இதைவிட நெருக்கமாகக் கற்றுத்தரும் வகுப்பறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பிறகு உதவி இயக்குநராகவும் திரைக்கதை எழுதுபவராகவும் இருந்து, 1980-இல் பாடகர்களை வைத்து ஒரு வணிகக் காதல் படம் எடுத்துத்தான் இயக்குநரானார். வெனிஸ் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கச் சிங்கம் அவருக்கு 1989-இல் கிடைத்தது. உங்கள் மகள் ஒருவரைப் பின்பற்றியே தீர வேண்டுமென்றால், நான் ஹூவைத்தான் சொல்வேன்.

ஆங் லீயின் கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். தந்தை தைனான் நகரில் பெயர்பெற்ற மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். அதே பள்ளியில் படித்த மகனோ பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் இருமுறை தோற்றார். பின்னர் கலைக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்று நியூயார்க் பல்கலைக்கழகத்தில் திரைப்பட முதுகலை முடித்தும், ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் வேலையின்றி வீட்டில் சமைத்துக்கொண்டும் குழந்தையைப் பார்த்துக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தார். 1990-இல் தைவான் அரசின் திரைக்கதைப் போட்டியில் அவருடைய இரண்டு கதைகளும் முதலிரு பரிசுகளை வென்ற பிறகே கதவு திறந்தது. புதுச்சேரித் தெருக்களிலும், தைவானின் தைச்சுங் நகரில் அமைத்த அலைத் தொட்டியிலும் எடுத்த ‘லைஃப் ஆஃப் பை’ படத்துக்காக இரண்டாம் முறை ஆஸ்கர் பெற்றவர் என்பதால் நம் பிள்ளைகளுக்கு இவர் மேல் தனிப் பிரியம். ஆனால் அந்த ஆறு ஆண்டுகளும் குடும்பத்தைத் தாங்கியது மூலக்கூறு உயிரியல் ஆய்வாளரான அவருடைய மனைவியின் சம்பளம் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறோம். நானும் ஒரு காலத்தில் மறந்தேன். ஓர் இளைஞருக்கு இந்தக் கதையைச் சொல்லி ஊக்கப்படுத்தி அனுப்பினேன். அவர் மூன்று ஆண்டுகள் வீட்டு அறையில் அமர்ந்து திரைக்கதை எழுதினார், எந்தப் படப்பிடிப்புத் தளத்தையும் மிதிக்கவில்லை. அவருடைய தாயார் என்னிடம் வந்து கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து இந்தக் கதையை அந்தச் சம்பளத்தைச் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சாய் மிங்-லியாங்கோ மலேசியாவின் கூச்சிங்கிலிருந்து தைபெய்க்குப் படிக்க வந்தவர். நாடகத் துறையில் பட்டம் பெற்று, மேடைக்கும் தொலைக்காட்சிக்கும் எழுதி, தொலைக்காட்சி நாடகங்களை இயக்கிய பிறகே 1992-இல் திரைப்படத்துக்கு வந்தார். யாங்குக்கும் இவருக்கும் சின்னத்திரை வாசலாக இருந்ததைப் பாருங்கள். சாய் யுவே-சுன் என்பவரும் 2001-இல் ஆசியா முழுவதும் பரவிய ‘மீட்டியார் கார்டன்’ தொடரை இயக்கி, அதன் பிறகு பெரிய திரைக்குச் சென்றவர்தான். “சீரியலா எடுக்கப் போகிறாய்?” என்று நீங்கள் மகளிடம் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கிடைத்தால் எடுக்கட்டும், ஐயா.

புகழ் வந்த பிறகும் வருமானம் சீராக இராது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. யாங் 1983 முதல் 2000 வரை எடுத்த முழுநீளப் படங்கள் ஏழுதான். அவருடைய ‘தைபெய் ஸ்டோரி’ படத்தில் நாயகனாக நடித்த ஹூ, அதற்குப் பணம் திரட்டத் தம் வீட்டையே அடமானம் வைத்தார். படமோ சில நாட்களிலேயே திரையரங்கை விட்டு வெளியேறியது. கான் திரைப்பட விழாவில் யாங்குக்குச் சிறந்த இயக்குநர் விருது பெற்றுத்தந்த ‘யீ யீ’ அப்போது தைவானில் வணிகரீதியாக வெளியாகவே இல்லை. அவர் 2007-இல், ஐம்பத்தொன்பது வயதில் புற்றுநோயால் காலமானார்.

இனி, செய்ய வேண்டியவை. பட்டத்தை முடிக்கட்டும், மீதமிருப்பது இரண்டு பருவங்கள்தான், அது எதையும் தாமதப்படுத்தாது. தைவானில் திரைப்படக் கல்வி பெரும்பாலும் மாண்டரின் மொழியில் நடைபெறுவதால், இன்றே மொழி வகுப்பில் சேர வேண்டும். மொழி பயில்வதற்கென்றும் பட்டப்படிப்புக்கென்றும் தைவான் அரசு தனித்தனியே உதவித்தொகைகள் வழங்குகிறது. அவற்றைப் பற்றிச் சென்னையிலுள்ள தைபெய் பொருளாதாரப் பண்பாட்டு மையத்தில் நேரில் விசாரியுங்கள், இடைத்தரகர்களிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம். கோடை விடுமுறையில் ஏதேனும் ஒரு படப்பிடிப்பில், அது விளம்பரப் படமாக இருந்தாலும் சரி, கன்டினியூட்டி எழுதும் உதவியாளராக இருபது நாட்கள் நிற்க முடியுமா என்று பார்க்கட்டும். வெயிலில் நின்று கோப்பையின் தேநீர் அளவைக் குறிப்பது சலிப்பூட்டுகிறதென்றால், அதை விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்த மாதம் இருவரும் சேர்ந்தே என்னைப் பார்க்க வாருங்கள். வரும்போது கதைச் சுருக்கம் எதுவும் வேண்டாம். கைப்பேசியில் எடுத்ததாக இருந்தாலும், அவர் எடுத்து முடித்த ஐந்து நிமிடப் படம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.