டெப்ளாய் செய்தாலே அலெர்ட்: கவுன்ட்டரைப் பாருங்கள்

ஒவ்வொரு டெப்ளாய்க்கும், அதாவது புதிய பதிப்பை ஏற்றும்போதெல்லாம், ஐசோலேஷன் ஃபாரஸ்ட் (வழக்கத்துக்கு மாறான எண்களைப் பிடிக்கும் மாடல்) அலெர்ட் அடிக்கிறது என்கிறீர்கள். மாடலைத் தொடாதீர்கள், உள்ளே போகும் எண்ணை மாற்றுங்கள். நீங்கள் கொடுப்பது சிபியு நேரத்தின் கூட்டுக் கவுன்ட்டர், அதாவது ஏறிக்கொண்டே போகும் மொத்தம். கன்டெய்னர் (சர்வீஸ் ஓடும் தனி உறை) புதிதாக எழும்போது கவுன்ட்டர் 0-விலிருந்து தொடங்கும். மாடலுக்கு அது பாதாளத்தில் விழுந்த மாதிரி.

ப்ரோமிதியஸில் (இந்த எண்களைச் சேகரிக்கும் கண்காணிப்புக் கருவி) முதலில் 5 நிமிட ரேட், அதாவது கவுன்ட்டர் ஏறும் வேகம்; பிறகு டெப்ளாய்மென்ட் (ஒரே சர்வீஸின் பாட்களின் தொகுப்பு) வாரியாகக் கூட்டல். வரிசை முக்கியம். பாட் (கன்டெய்னர் ஓடும் அலகு) பெயரை நம்பாதீர்கள், அது ஒவ்வொரு முறையும் மாறும்.

சோதிக்க: நிரலை மாற்றாமல் ஒரே ஒரு பாட்-ஐ மட்டும் டெலீட் செய்யுங்கள். பழைய எண்ணில் அலெர்ட் வந்து, ரேட்டில் வராவிட்டால் குற்றவாளி கவுன்ட்டர்தான்.

இன்னொன்று: கன்டாமினேஷனை (தரவில் எத்தனை பங்கு வழக்கத்துக்கு மாறானது என்று மாடலுக்குச் சொல்லும் அமைப்பு) 0.05 என வைத்திருக்கிறீர்களே, எல்லாம் நலமாக இருந்தாலும் பயிற்சித் தரவில் சுமார் 5 சதவீதத்தை அது சந்தேகப் பட்டியலில் தள்ளும். ஜாவா சர்வீஸ் என்றால் தொடங்கியதும் நடக்கும் வார்ம்-அப் நிஜமாகவே சிபியு பயன்பாட்டை ஏற்றும். அதை ரேட் மறைக்காது.